இடப்பக்கம் வந்த குரல்

அத்தியாயம் 11

கோலா கிளாவாங்கிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். ‘அந்த அர்ச்சுனனை லாரியில் அடித்துக் கொன்றுவிடுங்கள், இல்லையென்றால் பத்திரிகை வாங்குவதை நிறுத்திவிடுவேன்’ என்கிறார். அம்மா, ஆசை எனக்கும் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் லாரி ஓட்டுகிறவனே அவன்தான். நான் என்ன செய்ய?

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை.

லுக்குட்டுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கூலியாட்களின் லயத்து வீட்டில் இருக்கிற நீலாவதி, சிரம்பான் லோபாக்கில் வசிக்கும் சொக்கப்பன் செட்டியாரின் இசைத்தட்டுகளை மூன்று வருடமாகக் கழுவிக் கொடுத்து வந்தாள். பிடித்து வைத்த மழைத் தண்ணீர், குழந்தைகளுக்குப் போடுகிற சோப்பு, பஞ்சு மாதிரி ஒரு பிரஷ். ரப்பர் ஷீட் காயப்போடும் மரச்சட்டத்தில் நிமிர்த்தி வைத்து உலர்த்துவாள். பன்னிரண்டு நாளைக்கு முன் புருஷன் அர்ச்சுனன் தண்ணியைப் போட்டுவிட்டு வந்தான். அந்தச் சட்டத்திலிருந்து இருபத்திரண்டு பழைய அரக்குத் தட்டுகளை எடுத்து, முழங்காலில் வைத்து ஒவ்வொன்றாக உடைத்தான். இருபத்து மூன்றாவதை நீலாவதி பிடுங்கிக்கொண்டாள். அதற்கு விழுந்தது ஓர் அறை, இடது காதோடு சேர்த்து.

செட்டியாரிடம் சட்டம் சாய்ந்துவிட்டது என்று பொய் சொன்னாள். செட்டியார் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தார். இனித் தட்டு எதுவும் வீட்டை விட்டு வெளியே போகாது. தட்டு கழுவவென்றே வெளிநாட்டில் செய்கிற உயர்ந்த மெஷின் ஒன்றை வாங்கப்போகிறார். “உன் காது மாதிரி காது இந்த ஜில்லாவுல கிடையாது. நீ கேட்டுச் சொல்ற மெஷினைத்தான் வாங்குவேன். அதை நீயே ஓட்டு. மேல ரூம் சும்மாத்தான் கெடக்கு, வந்து தங்கிக்க.”

சம்பளம், தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, அர்ச்சுனனிடமிருந்து இருபது மைல். இவ்வளவும் ஒரு காதை நம்பித்தான் கிடைத்திருக்கிறது. அந்தக் காது போய்விட்டது என்பது செட்டியாருக்குத் தெரியாது.

*

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அர்ச்சுனன் லாரியைக் கிளப்பிக்கொண்டு கோலா கிளாவாங்குக்குப் போனான். மரம் ஏற்றிக்கொண்டு திரும்ப இருட்டிவிடும். சத்தம் மறையும்வரை நீலாவதி அடுப்படியை விட்டு நகரவில்லை.

பிறகு மேசைக் கடிகாரத்தை எடுத்து வலது காதில் வைத்தாள். டிக், டிக் என்றது. இடது காதில் வைத்து அழுத்தினாள். ஒன்றுமில்லை. பன்னிரண்டு நாளாகத் தினமும் இதே பரீட்சை, இதே மார்க்.

காதில் பூச்சி புகுந்துவிட்டது என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரிடம் போய்க் காட்டியிருந்தாள். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“பூச்சிக்கு அஞ்சு விரல் இருந்துச்சா?”

நீலாவதி சுவரைப் பார்த்தாள்.

“ஜவ்வு கிழிஞ்சிருக்கும்மா. தண்ணி படாம பாத்துக்க. தானா ஆறலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும்.”

ஆறவில்லை. ஆறும்வரை செட்டியார் காத்திருக்கவும் மாட்டார். கோலாலம்பூர் ஏஜண்டு இன்றைக்குத்தான் இரண்டு மெஷின்களைக் கொண்டுவருகிறான்.

ஏழு மணிக்குத் தம்பி சந்திரன் மோட்டார் சைக்கிளில் வந்தான். லுக்குட்டில் மெக்கானிக். பின்னால் தானே செய்து பூட்டிய சிவப்புப் பெட்டி. அந்தப் பெட்டியை வைத்தே ஜில்லா முழுக்க அவனை அடையாளம் சொல்வார்கள். வலது கையில் துணி சுற்றியிருந்தது.

“கையில என்னடா?”

“ஒண்ணுமில்லக்கா. நேத்து ஒட்டுக்கடையில சாப்பிடறப்ப ஒருத்தன் வாய விட்டான். மூணு பல்லு.”

“அவனுக்கா, உனக்கா?”

சந்திரன் சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். “மச்சான் உன்னைப் போட்டு அடிக்கிறாருன்னு சொன்னான். பொய்தானக்கா?”

“பொய்தான்.”

“சத்தியமா?”

“மணியாச்சு லா, வண்டிய எடு.”

சோதனைக்கென்று எடுத்துவைத்த தட்டை வைக்கச் சிவப்புப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே பழந்துணியில் சுருட்டிய டயர் கழற்றும் கம்பி, முழங்கை நீளத்துக்கு இருந்தது.

“இது எதுக்கு?”

“டயர் கழட்டத்தான்” என்றான் சந்திரன், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

காது விஷயம் செட்டியாருக்குத் தெரிந்தால் வேலை போகும். இவனுக்குத் தெரிந்தால் ஓர் உயிர் போகும். அடுத்தாற்போல் இவன் கழுத்துக்கும் கயிறு வரும். வழி நெடுக அவன் திரும்பித் திரும்பிப் பேசினான். காற்றில் பாதி கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் “ம்” என்றாள்.

*

சொக்கப்பன் செட்டியார் தும்மல் வந்தால்கூட வாசலுக்குப் போய்த் தும்மிவிட்டு வருகிறவர். தட்டில் எச்சில் தெறித்துவிடுமாம். நாலாயிரம் தட்டு வைத்திருக்கிறார். மனைவி மெய்யம்மை ஆச்சிக்குப் பாட்டில் அவ்வளவு பிடிப்பு கிடையாது. ஆச்சி ஆட்களைக் கவனிப்பார். நீலாவதி மூட்டை கட்டிக் கொண்டுவந்த அந்த உடைந்த இருபத்திரண்டையும் அள்ளிக் கொட்டியவர் ஆச்சிதான். சாய்ந்து விழுந்த தட்டு விளிம்பில் சில்லு சில்லாகப் போகும். இவையெல்லாம் நட்ட நடுவில் இரண்டாகப் போயிருந்தன. ஆச்சி அப்போதே அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

“வாத்தா, வா” என்றார் இன்று. “காப்பி குடிச்சிட்டு உக்காரு. கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு.”

ஹாலில் இரண்டு மெஷின்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஏஜண்டு லிம் என்ற சீனர் மலாயும் ஆங்கிலமும் கலந்து பொழிந்துகொண்டிருந்தார். தமிழில் அவருக்குத் தெரிந்தது ‘நல்லா இருக்கு’ ஒன்றுதான். ஆகவே எல்லாமே நல்லா இருந்தது.

முதல் மெஷின் ஒரு கனத்த மரப்பெட்டி. மேலே சுழலும் வட்டு. தட்டை வைத்து, தண்ணீர் மருந்தைத் தடவித் தேய்த்து, வெல்வெட்டு ஒட்டிய குழாயைத் தட்டின் குறுக்கே வைத்தால் புயல் மாதிரி இரைச்சலோடு இரண்டே சுற்றில் உறிஞ்சிவிடும். அரை நிமிடம்.

இரண்டாவது மெஷின் ஒரு மேசை அளவுக்கு இருந்தது. அதில் கிராமபோன் கை மாதிரி மெல்லிய கை ஒன்று. கையின் நுனியில் ஊசிக்குப் பதில் குட்டிக் குழாய், குழாய்க்கும் தட்டுக்கும் நடுவே ஒரு வெள்ளை நூல். தட்டின் நடுவிலிருந்து விளிம்பு வரைக்கும் பள்ளம் பள்ளமாகப் போய் அழுக்குத் தண்ணீரை உறிஞ்சுகிறது. நூலும் சும்மா இருப்பதில்லை. உருளையிலிருந்து புதிது வந்துகொண்டே இருக்கும், பழையது போய்க்கொண்டே இருக்கும். ஒரு பக்கத்துக்கு நாலு நிமிடம் ஆகிறது. விலை, முதல் மெஷினைப்போல மூன்று மடங்கு.

“அரை நிமிஷத்துல முடிய வேண்டியதுக்கு நாலு நிமிஷமா?” என்றார் செட்டியார். அவர் மனசு எந்தப் பக்கம் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

நீலாவதி கொண்டுவந்தது ஒரு நாதஸ்வர எல்.பி. தோட்டத்துக் கோயில் சாமான் அறையில் ஆறு வருடம் கிடந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பூஞ்சணம் பூத்தது. ஒரு பக்கத்தை முதல் மெஷினிலும் மறுபக்கத்தை இரண்டாவதிலும் கழுவினார் லிம். இரண்டு பக்கமும் பளபளத்தன. பார்வைக்கு வித்தியாசம் ஏதுமில்லை.

“இனிக் காதுதான் சொல்லணும்” என்றார் செட்டியார்.

நீலாவதி ஸ்பீக்கர் பக்கம் நாற்காலியை இழுத்தாள். லிம் கையை ஆட்டினார். ரோட்டில் லாரி போகிறது, கோழி கத்துகிறது, ஸ்பீக்கரில் ஒன்றும் தெரியாது என்று சொல்லி, பெட்டியிலிருந்து ஒரு ஹெட்போனை எடுத்தார். ஸ்பீக்கர் என்றால் எந்தப் பக்கத்துச் சத்தமும் நல்ல காதுக்கு வந்து சேரும். இதில் இடது பக்கத்துச் சத்தம் இடது காதுக்கு மட்டும்தான் போகும்.

முதலில் செட்டியார் மாட்டிக்கொண்டார். முதல் மெஷினில் கழுவிய பக்கம். கண்ணை மூடித் தலையாட்டினார். “ஆகா! என்ன ஒரு சுத்தம்! இதுவே போதும்னு தோணுது. நீயும் கேட்டுச் சொல்லிடு.”

நீலாவதி மாட்டினாள். வலது காதில் நாதஸ்வரம் வந்து இறங்கியது. தூசு இல்லை, பொரிச்சல் இல்லை. இடது காதில் கடல் இரைகிற மாதிரி, பன்னிரண்டு நாளாகக் கேட்கிற அதே இரைச்சல். ‘சரியாத்தான் இருக்கு முதலாளி’ என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அவர் மனசும் குளிரும். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் அவள் வாய் இதில் பொய் சொல்லாது. புருஷன் விஷயத்தில் ஊரையே ஏமாற்றியவள்தான். தட்டு விஷயத்தில் ஒருநாளும் அவள் பொய் சொன்னதில்லை.

ஊசி ஓடும் பள்ளத்துக்கு இரண்டு சுவர். உள்சுவரில் இருப்பது இடது பக்கத்துச் சத்தம், வெளிச்சுவரில் வலது பக்கத்துச் சத்தம். அவள் இதுவரை கேட்டது ஒரு சுவரைத்தான்.

கொண்டையைச் சரிசெய்கிறவள் மாதிரி ஹெட்போனைக் கழற்றினாள். திருப்பி மாட்டினாள், இடதை வலதில். கடுகு பொரிந்தது. மெல்லியதாக, நாதஸ்வரத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டு. உள்சுவரில் பூஞ்சணம் அப்படியே உட்கார்ந்திருந்தது.

மறுபக்கத்தைப் போடச் சொன்னாள். இரண்டாவது மெஷினில் கழுவியது. ஒரு தடவை கேட்டாள், திருப்பி மாட்டி இன்னொரு தடவை கேட்டாள். இரண்டு சுவரும் கழுவி விட்ட தரைபோல இருந்தன.

“நூல் மெஷின்தான் முதலாளி” என்றாள். “மரப்பெட்டியில கழுவினதுல இடது பக்கம் பொரியுது, திரும்பக் கேட்டுப் பாருங்க.”

செட்டியார் கேட்டார். இந்த முறை பாட்டை விட்டுவிட்டுப் பொரிச்சலைக் கேட்டார். முகம் சுருங்கியது. “அட, ஆமா!”

“வெல்வெட்டு இந்தத் தட்டோட அழுக்க எடுத்து அடுத்த தட்டுல பூசும். தோட்டத்துல கழுவாத கோப்பையில ரப்பர் பால் எடுத்தா கெட்டுக் கட்டியாயிடும் பாருங்க, அது மாதிரி. இதுல நூல் போயிக்கிட்டே இருக்கு. பள்ளத்துக்குப் பள்ளம் புது நூல். நாலு நிமிஷம் ஆனா என்ன? நான் உக்காந்துக்குறேன்.”

செட்டியார் கூரையைப் பார்த்தார். விலையைச் சாமியிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறார் போலிருந்தது. பிறகு லிம் பக்கம் திரும்பி நூல் மெஷினைக் காட்டினார். “நல்லா இருக்கு!” என்றார் லிம், இந்த முறை மனசார.

“மெய்யம்மை, மேல் ரூமைக் கூட்டி வைக்கச் சொல்லு.”

ஆச்சி ஹெட்போனையும் அதன் இரண்டு பக்கத்திலும் இடது, வலது என்று காட்டிய ஆங்கில எழுத்துகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் நீலாவதியைப் பார்த்தார்.

*

வேண்டாம் என்று ஒதுக்கிய மரப்பெட்டி மெஷினை லிம்மின் வேனில் ஏற்றச் சந்திரனும் லிம்மும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். நீலாவதி நூல் மெஷின் முன்னால் உட்கார்ந்து செட்டியாரின் தட்டு ஒன்றைத் தானே கழுவிப் பார்க்கத் தொடங்கினாள். மோட்டாரின் ஓட்டத்தைக் கேட்க வலது காதை அதன் மேலேயே சாய்த்துக்கொண்டாள்; அந்தக் காது முழுக்க அதன் இரைச்சல்தான். வாசல் அவளுக்கு இடது பக்கம். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நிம்மதியாக அவள் எங்கும் உட்கார்ந்ததில்லை. ஓடுகிற நூலைப் பார்த்து அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

கோலா கிளாவாங் ரோட்டில் அன்று மண் சரிந்துவிட்டது. போன லாரிகளெல்லாம் திரும்பின. லோபாக் வழியாக வந்த அர்ச்சுனன், செட்டியார் வீட்டு வாசலில் அந்தச் சிவப்புப் பெட்டியைப் பார்த்துவிட்டான். பெண்டாட்டி தனக்குத் தெரியாமல் இங்கே வந்திருப்பது புரிந்தது.

லாரியை நடுரோட்டிலேயே விட்டுவிட்டு இறங்கினான். முற்றத்தில் சந்திரன் மெஷினைத் தூக்கிக்கொண்டு நின்றான். கையை விட்டால் லிம்மின் காலில் விழும்.

“மச்சான், நில்லுங்க!”

அர்ச்சுனன் நிற்கவில்லை. ஹாலுக்குள் வந்தான்.

“நீலா!”

செட்டியார் எழுந்து நின்றார். அடுப்படி வாசலுக்கு ஆச்சி வந்தார். நீலாவதி திரும்பவில்லை.

“ஏய் நீலா!”

அவள் நூலைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நீலாவதி!” மூன்றாவது குரல் ரோடு வரை கேட்டது. முற்றத்தில் லிம் திடுக்கிட்டுத் திரும்பினார்.

அவள் திரும்பவில்லை. பெரிய மனுசன் வீட்டில், நாலு பேர் பார்க்க, பெண்டாட்டி தன்னை மதிக்காமல் சிரிக்கிறாள் என்று நினைத்தான் அந்த முட்டாள். அந்தக் காதை அறைந்து கெடுத்தவனே அவன்தான் என்பது அவன் மண்டையில் ஏறவில்லை.

கொண்டையைப் பிடித்து இழுத்தான். அவள் கத்துவதற்குள் முகத்தை மெஷின் விளிம்பில் மோதினான். இன்னொரு முறை மோதினான். புருவம் கிழிந்தது. சுழன்றுகொண்டிருந்த தட்டின் மேல் ரத்தம் கொட்டியது. மெஷினுக்கு என்ன தெரியும்? அதன் கை தன் வேலையைச் செய்தது. பள்ளம் பள்ளமாக ரத்தத்தை உறிஞ்சியது. வெள்ளையாக வந்த நூல் சிவப்பாகப் போய் உருளையில் சுற்றியது.

முற்றத்தில் மரப்பெட்டி மெஷின் தடாலென்று விழுந்து உடைந்தது. லிம் அலறினார். சந்திரன் ஒரே பாய்ச்சலில் உள்ளே வந்து அர்ச்சுனனின் இடுப்பில் எட்டி உதைத்தான். அவன் போய் அலமாரியில் மோதினான். நாற்பது தட்டு சரிந்தது. செட்டியார் “ஐயோ, ஐயோ” என்று கத்தியது தட்டுகளுக்கா நீலாவதிக்கா என்று சொல்வது கஷ்டம்.

“அக்கா, மூணு தடவ கூப்பிட்டான்” என்றான் சந்திரன், மூச்சு வாங்க. “எனக்கு வெளிய கேட்டுச்சு. நீ ஏன் திரும்பல?”

அவள் கண்ணில் ரத்தம். முந்தானையால் அதை அழுத்திக்கொண்டாள்.

சந்திரன் அவள் இடது பக்கம் போய்க் குனிந்தான். காதருகில் வாயை வைத்து மெதுவாகச் சொன்னான். “அக்கா.”

அவளிடம் ஓர் அசைவும் இல்லை.

வீட்டில் எல்லாருக்கும் அது புரிந்துவிட்டது. செட்டியாருக்கும்தான்.

சந்திரன் வெளியே போனான். வரும்போது கையில் அந்தக் கம்பி இருந்தது. அர்ச்சுனன் எழுந்து வலது கையைத் தடுப்பாக உயர்த்தினான். முதல் அடி அந்தக் கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. இரண்டாவது அடி தோளில். அர்ச்சுனன் மண்டியிட்டான். மூன்றாவதற்குச் சந்திரன் கம்பியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினான். அந்த அடி எங்கே விழப்போகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

நீலாவதி குறுக்கே விழுந்தாள். தம்பியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“வேணாம்டா! இவனுக்காக நீ தூக்குல தொங்கணுமா? என்னைப் பாரு. சந்திரா, என்னைப் பாருடா!”

கம்பி காற்றில் நின்றது. அவன் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே கம்பியைச் சுவரில் வீசினான். வாசகி அம்மா, உங்கள் கடிதம் எனக்கு நினைவு இருக்கிறது. நீலாவதி விடவில்லை.

*

ஆச்சி போன் போட்டுப் பத்து நிமிடத்தில் போலிஸ் வந்தது. நடுத்தர வயதுக் கார்ப்பரல். அவர் கண்ணுக்குப் பட்டது இவ்வளவுதான்: கை முறிந்து முனகுகிற ஒருவன், சுவரோரம் ஒரு கம்பி, அதை எடுத்து அடித்தவன் இவன் என்று நீட்டப்பட்ட லிம்மின் விரல். சந்திரனுக்கு விலங்கு மாட்டினார்.

“பெண்டாட்டிய வீட்டுக்கு அழைக்க வந்தேன் துவான்” என்றான் அர்ச்சுனன் மலாயில், அழுத குரலில். “இவன் கையை ஒடிச்சுட்டான். அவ மெஷின்ல தடுக்கி விழுந்தா.”

கார்ப்பரல் நீலாவதியிடம் திரும்பினார். “பெத்துல் கா, காக்?” உண்மையா அக்கா என்று மலாயில் கேட்டார். “புருஷன் பெண்டாட்டிச் சண்டைன்னா அது வீட்டு விஷயம். ஆனா இவன் செஞ்சது கேஸு. உள்ளே போவான்.”

அர்ச்சுனன் தலையைத் தூக்கித் தமிழில் சொன்னான். வலியிலும் அவன் புத்தி வேலை செய்தது. “சொல்லு நீலா. காதையும் சேத்துச் சொல்லு. செவிடிக்குப் பாட்டு வேலை குடுப்பாராமா உன் முதலாளி? எழுதி வாங்கிக்கிட்டுப் போவட்டும், ஊருக்கே தெரியட்டும்.”

அவள் செட்டியாரைப் பார்த்தாள். அவர் கீழே சரிந்த தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடிப்படியைப் பார்த்தாள். மேலே அறை கூட்டியாயிற்று; விளக்குமாறு இன்னும் படியில் சாத்தியிருந்தது. வாயை மூடிக்கொண்டால் ஒருவேளை முதலாளி மறந்துவிடுவார், இரக்கப்பட்டு வைத்துக்கொள்வார். காகிதத்தில் எழுதிவிட்டால் மறக்க முடியாது.

தம்பி கையில் விலங்கு மின்னியது.

“எழுதிக்கோங்க துவான்” என்றாள் நீலாவதி. “என் பேரு நீலாவதி. என் புருஷன் அடிச்சு பன்னெண்டு நாளா எனக்கு இடது காது கேக்கல. தோட்டத்து டிரெஸ்ஸர் பாத்திருக்காரு. அதுக்கு முன்னாடி போன வருஷம் விலா எலும்பு. அதுக்கு முன்னாடி வயித்துல இருந்த புள்ள. இன்னிக்கு இது. மூணு வருஷமா தடுக்கி விழுந்தேன்னு சொன்னேன். நான் ஒரு தடவைகூட விழல துவான்.”

மலாயில்தான் சொன்னாள். ஒரு வார்த்தைக்குக்கூடக் குரல் உடையவில்லை. கார்ப்பரல் பேனாவை எடுத்தவர் பாதியில் நிறுத்தி அவளை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி எழுதினார். சந்திரனின் விலங்கை அவர் கழற்றவில்லை. ஆனால் அர்ச்சுனனின் முறியாத கையில் இன்னொன்றை மாட்டினார்.

“ஆஸ்பத்திரியில காதைக் காட்டி டாக்டர் லெட்டரோட ஸ்டேஷனுக்கு வாங்க, காக்” என்றார்.

செட்டியார் தொண்டையைக் கனைத்தார். அவர் கெட்டவர் இல்லை, கொஞ்சம் மெதுவானவர். “அது சரி நீலாவதி… ஒரு காது கேக்காதுன்னா… நீ எப்படி மெஷினைத் தேர்ந்தெடுத்தே? இவ்வளவு பணம் போட்டு வாங்கியிருக்கேன்…”

“ஏங்க” என்றார் ஆச்சி. “உங்களுக்கு ரெண்டு காதும் நல்லாத்தானே கேக்குது?”

“ஆமா.”

“நீங்க எதை எடுக்கச் சொன்னீங்க?”

செட்டியார் முற்றத்தில் உடைந்து கிடந்த மரப்பெட்டியைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

“அவ ஹெட்போனைத் திருப்பி மாட்டி ரெண்டு பக்கமும் கேட்டா. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்” என்றார் ஆச்சி. “மேல் ரூம் அவளுக்குத்தான். இனி யாரும் இதைப் பத்திப் பேசக் கூடாது.”

நீலாவதிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. யாரும் பார்க்காமலிருக்க மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டு, சிவந்த நூலைக் கத்தரித்து எடுக்கத் தொடங்கினாள்.

முதலில் சந்திரனை அழைத்துப் போனார்கள். “பயப்படாதக்கா” என்று வாசலிலிருந்து கத்தினான். பின்னாலேயே அர்ச்சுனன் வந்தான், முறிந்த கையில் ஆச்சியின் துண்டு கட்டியிருந்தது. அவளைக் கடக்கும்போது ஒரு நொடி நின்றான். இடது பக்கமாகக் குனிந்தான். அவள் காதோடு ஏதோ சொன்னான். ஐந்தாறு வார்த்தை இருக்கும். கார்ப்பரலுக்குத் தமிழ் தெரியாது. ஆச்சி மட்டும் இரண்டடி தூரத்தில் நின்றிருந்தார்.

நிழல் பட்டு நீலாவதி நிமிர்ந்தபோது அவன் முதுகுதான் தெரிந்தது. ஆச்சியின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் வெளுத்திருந்தது.

“என்ன சொன்னாரு ஆச்சி?”

“ஒண்ணுமில்லாத்தா.”

அந்த ‘ஒண்ணுமில்ல’ எப்படிப்பட்டது என்று நீலாவதிக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருடமாக அவளே எல்லாரிடமும் சொல்லி வந்தது.

ஆச்சி போய் வாசல் கதவைச் சாத்தினார். மேல் தாழ்ப்பாளைப் போட்டார், கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டார். மணி அப்போது பகல் பன்னிரண்டுகூட ஆகவில்லை.